கொழும்பில் முதல் வீடு: முற்பணம் கொடுக்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தைக்காரி

வணக்கம். நானும் கணவரும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் மாதச் சம்பளம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வாடகை ஏறுகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடம் பம்பலப்பிட்டியில் என்பதால், இந்தப் பக்கமே சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடினோம். இப்போது இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கைக்குள் கட்டிக்கொண்டிருக்கும் புதுத் தொடர்மாடி. இரண்டு அறை, 3 கோடியே 20 லட்சம் சொல்கிறார்கள். இந்தக் கிழமைக்குள் 10 லட்சம் முற்பணம் கொடுத்தால் விலை ஏறாதாம். மற்றது பம்பலப்பிட்டியில் ஒரு பழைய பிளற், விலை கொஞ்சம் குறைவு. சொந்தக்காரி யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், இப்போது கனடாவில். அவருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. விற்பனையைப் பார்ப்பவர் அவருடைய தம்பி. அக்கா சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் இருக்கிறது என்று ஒரு பிரதியைக் காட்டினார்.

தரகர் இரண்டுக்கும் அவசரப்படுத்துகிறார். எங்கள் இரு குடும்பத்திலும் கொழும்பில் வீடு வாங்கியவர்கள் இல்லை. எதை முதலில் செய்வது? மொத்தமாகக் கையில் எவ்வளவு காசு வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள்.

புதுக்கடை நொத்தாரிசு

தங்கச்சி, அந்த 10 லட்சத்தை இப்போதைக்கு வங்கியிலேயே வைத்திருங்கள்.

நான் சட்டத்தரணி, உறுதி என்கிற சொத்துப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு வேலையும் செய்கிறேன். என்னிடம் வருகிற வீட்டுப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை உறுதி எழுதிய நாளில் தொடங்கியவை அல்ல, முற்பணம் கொடுத்த நாளில் தொடங்கியவை. காசு கைமாறிய பிறகு குறை கண்ணில் படாது. பட்டாலும், கொடுத்த காசை நினைத்து ஆட்கள் அதற்கு ஒரு சமாதானம் தேடிக்கொள்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி வீடு விற்பது மட்டுமல்ல, விற்பதாக ஒப்புக்கொள்வதும்கூட நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். தரகர் நீட்டுகிற கடிதத் தலைப்பிலோ, வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டியோ கையெழுத்து வாங்கினால், அதை வைத்து நாளைக்கு ‘எனக்கு அந்த வீட்டை எழுதித் தா’ என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அதுவும் வழக்குப் போட்டு. ஆகவே முற்பணம் கொடுப்பதாக இருந்தால் நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய விற்பனை உடன்படிக்கை ஒன்று வேண்டும். உரித்தில் குறை இருந்தால் முழுக் காசும் திரும்ப வரும் என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும்.

அந்த உடன்படிக்கைக்கும் முதல் செய்ய வேண்டியது தேடல். உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். விற்பவரின் சட்டத்தரணியும் வேண்டாம், கட்டடக்காரர் ‘நாங்களே எல்லாம் பார்த்துத் தருகிறோம், செலவு குறையும்’ என்று காட்டுகிறவரும் வேண்டாம். உங்கள் ஆள் காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் பார்த்து, குறைந்தது 30 வருடத்துக்கு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று நூல் பிடித்து வர வேண்டும். வங்கியும் பெரும்பாலும் அந்த 30 வருடத்தைத்தான் கேட்கும். ஈடு, அதாவது அடமானம், இருக்கிறதா, வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பதிந்திருக்கிறதா, யாராவது எச்சரிக்கை பதிந்து வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த ஏட்டில் வரும். நடுவில் ஒரு ‘பிரகடன உறுதி’ இருந்தால், அதாவது ஒருவர் ‘இது என் ஆட்சியில் இருக்கிறது’ என்று தானே எழுதிப் பதிந்திருந்தால், அந்த இடத்தில் நின்று நன்றாக விசாரியுங்கள். அப்படி எழுதியதால் மட்டும் உரித்து வந்துவிடாது.

தெகிவளையான்

நொத்தாரிசு அண்ணா சொல்வது சரி. ஆனால் இந்தக் காலத்தில் நல்ல வீடு இரண்டு கிழமைக்கு நிற்காது. தேடல் முடியும்வரை காத்திருந்தால் வேறு ஆள் கொண்டுபோய்விடுவான். சின்னதாக ஒரு தொகை கொடுத்துப் பிடித்து வைப்பதில் என்ன பிழை?

இன்னொன்று. உறுதியில் விலையைக் குறைத்துப் போடலாம். முத்திரையில் சில லட்சம் மிஞ்சும். என் பக்கத்து வீட்டாரும் அப்படித்தான் செய்தார்கள்.

புதுக்கடை நொத்தாரிசு

தெகிவளைத் தம்பிக்கு இரண்டு பதில்.

பத்திரங்கள் ஒழுங்காகக் கையில் இருந்தால் தேடலுக்கு அதிக காலம் எடுக்காது. உறுதியின் பிரதி, நில அளவைப் படம், மாநகர சபையின் சோலைவரிப் பற்றுச்சீட்டு மூன்றையும் விற்பவர் தருவதற்கு இழுத்தடித்தால், அவர் ஏன் இழுக்கிறார் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வேறு ஆள் கொண்டுபோனால் கொண்டுபோகட்டும். கொழும்பில் வீடு இன்னும் வரும். போன காசு வருவது கஷ்டம்.

விலை குறைத்து எழுதுவது சட்டப்படி குற்றம், உங்களுக்கே நட்டமும்கூட. உறுதியில் போட்ட தொகை குறைவு என்று மாகாண இறைவரித் திணைக்களம் கருதினால் மிகுதி முத்திரையைத் தண்டத்தோடு கேட்கும். வங்கிக் கடன் எடுக்கிறவருக்கு உண்மை விலை உறுதியில் இருந்தே ஆக வேண்டும். நாளைக்கு உரித்துப் பிழையானது என்று தெரியவந்தால் விற்றவரிடம் நீங்கள் கேட்கக் கூடியது உறுதியில் எழுதிய தொகையைத்தான். அதோடு 2018 ஏப்ரலில் இருந்து மூலதன ஆதாய வரி மீண்டும் வந்துவிட்டது. நீங்கள் பிறகு விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் ஆதாயம் பெரிதாகத் தெரியும், வரியும் ஏறும். விற்றவர் தன் வரியில் மிச்சம் பிடித்ததை நீங்கள் பின்னால் கட்டுவீர்கள்.

கடன்பிரிவு

நான் ஒரு வங்கியில் வீட்டுக் கடன் பக்கம் வேலை பார்க்கிறேன். காசுக் கணக்கைச் சொல்கிறேன். வெள்ளவத்தைத் தங்கச்சி கேட்டதில் இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

3 கோடியே 20 லட்சம் விலை என்றால் முத்திரைக் கட்டணம் முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். அதாவது 3,000 ரூபாவும் 1,276,000 ரூபாவும் சேர்ந்து 1,279,000 ரூபா. இதை வாங்குபவர்தான் கட்டுவது. நொத்தாரிசுக் கட்டணம் பேசிக்கொள்வது, விலையில் 1 சதவீதத்தை ஒட்டிக் கேட்பவர்கள் அதிகம். கடன் எடுத்தால் ஈட்டு முறிக்கு வங்கியின் சட்டத்தரணிக்குத் தனியாக, மதிப்பீட்டாளருக்குத் தனியாக, காப்புறுதிக்குத் தனியாக.

இப்போது கடன். வங்கி விற்பவர் சொல்லும் விலையைப் பார்க்காது. தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி என்று இரண்டு எழுதுவார். எந்தப் பெறுமதியில் எத்தனை சதவீதம் என்பது வங்கிக்கு வங்கி மாறும். உதாரணத்துக்குச் சந்தைப் பெறுமதியில் 70 சதவீதம் என்று வைப்போம். மதிப்பீடும் 3 கோடியே 20 லட்சம் வந்தால் கடன் 2 கோடியே 24 லட்சம். உங்கள் கையிலிருந்து 96 லட்சம். முத்திரை, நொத்தாரிசு, வங்கிச் செலவு எல்லாம் சேர்த்தால் 1 கோடியே 15 லட்சம் அளவுக்குக் கையில் இருக்க வேண்டும். மதிப்பீடு 2 கோடியே 90 லட்சம்தான் என்று வந்தால் கடன் 2 கோடியே 3 லட்சமாகக் குறையும். இன்னொரு 21 லட்சம் தேட வேண்டும். முற்பணம் கொடுத்த பிறகு இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தவிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். அதனால் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் வங்கியில் கேட்டு எழுத்தில் வாங்கி, அப்புறம் வீட்டைப் பேசுங்கள். விற்பனை உடன்படிக்கையில் ‘கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும்’ என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். எல்லா விற்பனையாளரும் சம்மதிக்க மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

வட்டி பற்றி ஒன்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் தன் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த பலருக்கு மாதத் தவணை தாங்க முடியாத அளவுக்குப் போனது. இப்போது வட்டி இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துச் சம்பளத்தின் விளிம்புவரை கடன் எடுக்க வேண்டாம். எத்தனை வருடத்துக்கு நிலையான வட்டி, அதற்குப் பிறகு எதை வைத்து மாறும், முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டம் உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள்.

இருவரும் தனியார் துறை என்றால் ஊழியர் சேமலாப நிதியும் உதவும். 10 வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 லட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கு மிகுதியில் 30 சதவீதம்வரை எடுக்கலாம். உச்ச வரம்பு 20 லட்சம். அது ஓய்வுகாலக் காசு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன், எங்கள் முகாமைத்துவக் குழுவிலும் இருக்கிறேன். புது பிளற் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணி வாங்குவதும் பிளற் வாங்குவதும் ஒன்றல்ல. பிளற்றுக்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டம் இருக்கிறது, 1982 இலும் 2003 இலும் திருத்தினார்கள். அதன்படி உங்கள் அலகு தனியாக உங்களுடையது. படி, லிப்ட், கூரை, நிலம் எல்லாம் எல்லோருக்கும் பொது, அதில் உங்களுக்குப் பிரிக்கப்படாத ஒரு பங்கு. இந்த அமைப்பு உயிர் பெறுவது, ஒவ்வொரு அலகையும் பொது இடங்களையும் காட்டும் கூட்டாதனப் படம் காணிப் பதிவகத்தில் பதியப்படும்போதுதான். அதற்கு முதல் உங்கள் அலகுக்கு உறுதி எழுத முடியாது. அனுமதித்த திட்டப்படியே கட்டி, சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்கிற இணக்கச் சான்றிதழ் வாங்கி, கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழும் வந்த பிறகுதான் படம் பதிவுக்குப் போகும். ஒரு மாடி கூடக் கட்டிவிட்டால், வாகனம் நிறுத்தும் இடத்தைக் கடையாக்கிவிட்டால், எல்லாம் நின்றுபோகும்.

எங்கள் பக்கம் பல கட்டடங்களில் சனம் குடிவந்து வருடக்கணக்காகியும் உறுதி இல்லை. வாடகைக்கு விடலாம், இருக்கலாம். விற்கப் போனால் வங்கி கடன் கொடுக்காது, அதனால் முழுக் காசும் கையில் வைத்திருக்கிற ஒருவரைத் தேடி விலையைக் குறைத்து விற்க வேண்டும். இன்னும் சில இடத்தில் பிளற்றுக்கு உறுதி என்று கொடுத்திருப்பது நிலத்தில் ஒரு பங்குக்கான உறுதி மட்டும். எந்த மாடி, எந்தக் கதவு என்று அதில் இருக்காது. அதை வாங்கியவர்களின் பிள்ளைகள் இன்று அந்தப் பங்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டடக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள். நிலம் யார் பெயரில்? வங்கியில் ஈடு வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தால், உங்கள் அலகின் காசு முழுதாகக் கட்டியதும் அந்த அலகை ஈட்டிலிருந்து விடுவிப்போம் என்று அந்த வங்கி எழுத்தில் தருமா? அனுமதித்த கட்டடத் திட்டத்தில் எத்தனை மாடி? விலையில் வட் வரி சேர்ந்திருக்கிறதா? 2024 ஜனவரியில் இருந்து வட் 18 சதவீதம். 3 கோடிக்கு மேல் விலையில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் பெரிய தொகை. கட்டுமானச் செலவு ஏறினால் விலையை ஏற்றலாம் என்று உடன்படிக்கையில் வரி இருக்கிறதா? 2022 இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவுக்குப் பக்கத்திலிருந்து 360 வரை போனபோது, அந்த வரி இருந்தவர்களிடம் மேலதிகக் காசு கேட்டார்கள்.

சதுர அடியையும் பாருங்கள். விளம்பரத்தில் சொல்கிற அளவுக்குள் வெளி நடைபாதையின் பங்கும் சேர்ந்திருக்கும். கூட்டாதனப் படத்தில் வரும் அளவுதான் உறுதியில் வரும், வங்கி மதிப்பிடுவதும் அதைத்தான். வாகனத் தரிப்பிடம் உங்கள் அலகோடு துணை அலகாகப் படத்தில் இருக்கிறதா, அல்லது பொது இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு இலக்கம் எழுதியதா? எங்கள் கட்டடத்தில் சண்டைகளில் பாதி இதனால்தான்.

பழைய பிளற்றுக்கு: முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் பராமரிப்புக் கட்டணம் நிலுவை இல்லை என்று கடிதம் வாங்குங்கள். பெரிய திருத்தங்களுக்கு ஒதுக்கி வைத்த நிதி எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். லிப்ட் மாற்ற வேண்டிய வருடத்தில் நிதி இல்லாத கட்டடத்தை வாங்கினால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

கம்பியும் சீமெந்தும்

பொறியியலாளன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். காலி வீதிக்குக் கடல் பக்கம் எந்தக் கட்டடமானாலும் உப்புக் காற்று. பழைய பிளற் பார்க்கப் போகும்போது கொங்கிறீட் தட்டின் அடிப்பக்கத்தையும், பல்கனி ஓரத்தையும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் பாருங்கள். பழுப்பு நிறக் கோடு, கொங்கிறீட் ஊதி உடைந்த இடம், வெளியே தெரியும் துருக் கம்பி இருந்தால் உள்ளே இன்னும் அதிகம் இருக்கும். புதிதாக வர்ணம் பூசிய வீட்டில் இது தெரியாது, அதனால் அந்த வீட்டுக்குள் மட்டும் பார்க்காமல் படிக்கட்டையும் கீழ்த் தளத்தையும் பாருங்கள். மழை நாளில் ஒரு முறை போவது நல்லது.

கொட்டாஞ்சேனை அக்கா

எல்லோரும் பிளற் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் இன்னும் நிலத்தோடு சின்ன வீடுகள் விற்பனைக்கு வருகின்றன, வெள்ளவத்தை பிளற் விலைக்கே. ஆனால் பழைய வீடு என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ள குடியிருப்பாளர் இருந்தால், நீங்கள் வீட்டை வாங்கினாலும் அவர் அப்படியே இருப்பார். அவர் இறந்த பிறகும் அந்த உரிமை கூட இருந்த குடும்பத்தவருக்குப் போகலாம். ‘நாங்கள் எழுப்பித் தருகிறோம்’ என்ற வாக்கை நம்பிக் காசு கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை. வெறும் வீடாகத் திறப்பைக் கையில் தந்தால்தான் மிகுதிக் காசு என்று நில்லுங்கள்.

மற்றது பங்கு. தாத்தா பெயரில் இருக்கும் வீட்டை ஒரு பேரன் மட்டும் விற்பான். மற்ற வாரிசுகள் வெளிநாட்டில். பிரிக்கப்படாத பங்கை வாங்கினால் வங்கி கிட்ட வராது, பிறகு பாகப்பிரிவினை வழக்குத்தான். பிரிக்கலாம் என்று பார்த்தாலும் நகர அபிவிருத்தி அதிகார சபை 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டாகப் பிரிக்க இலகுவில் விடாது.

மாநகர சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழும் எடுங்கள். வீதி அகலிப்பில் முன்பக்கம் எவ்வளவு போகும் என்று அதில் தெரியும். வரி கட்டாமல் காணி சபைக்கு உரித்தாகிவிடவில்லை என்ற கடிதத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

ரொறன்ரோவாசி

என் அக்காவும் வெள்ளவத்தையில் ஒன்று வாங்கப் பார்க்கிறாள், அதனால் இந்த இழையை வாசித்துக்கொண்டு வருகிறேன். கனடாக் குடியுரிமை மட்டும் உள்ள நாங்கள் வாங்கலாமா? அதோடு, அந்தப் பம்பலப்பிட்டி அம்மாவின் அற்றோணித் தத்துவம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

புதுக்கடை நொத்தாரிசு

இதற்குத்தான் வரவேண்டும் என்றிருந்தேன்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு நிலம் மாற்ற முடியாது, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி கைமாற்றல் கட்டுப்பாட்டுச் சட்டம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடை இல்லை. கூட்டாதன அலகு வாங்க விலக்கு உண்டு, ஆனால் உறுதி எழுதுமுன் முழுப் பெறுமதியும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். ஊரில் இருக்கிற மச்சான் பெயரில் வாங்கிவைக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: உறுதியில் யார் பெயரோ வீடு அவருடையது. அவருக்குக் கடன் வந்தால், அவர் இறந்தால், உங்கள் காசு என்று நிரூபிப்பது பெரும் பாடு.

இப்போது பம்பலப்பிட்டி வீடு. இங்கே மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அதை அவர் எப்போது வேண்டுமானாலும் இரத்துச் செய்யலாம். ஆகவே பிரதியைப் பார்த்தால் போதாது. மூலத்தையும், அது பதியப்பட்டிருக்கிறதா என்பதையும், பிறகு இரத்தாகவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அம்மாவோடு நீங்களே வீடியோ அழைப்பில் கதையுங்கள், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், என்ன விலைக்கு விற்கிறார் என்று அவர் வாயாலே கேளுங்கள். விற்கும் அதிகாரம் என்று வாசகம் இருக்கிறதா பாருங்கள். வாடகைக்கு விடவும் வரி கட்டவும் கொடுத்த பத்திரத்தை வைத்து விற்க முடியாது.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். அந்த அம்மா தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர் என்றால், கொழும்பில் இருக்கும் அசையாச் சொத்துக்கும் அந்தச் சட்டம் அவரைப் பின்தொடரும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதன வீட்டைக்கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. இது நியாயமா என்றால், நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். அவருடைய வீட்டை அவர் விற்க ஏன் இன்னொருவரின் கையெழுத்து? ஆனால் மாறும்வரை சட்டம் சட்டம்தான். கணவர் சம்மதிக்காமல் எழுதிய உறுதியை வாங்கிய நீங்கள்தான் பிறகு நீதிமன்றம் ஏறுவீர்கள். கணவர் பிரிந்து போயிருந்தாலோ காரணமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், காலம் எடுக்கும்.

மூன்றாவது, அந்தச் சீதன உறுதியை வாசிக்க வேண்டும். தாய் தகப்பன் தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு கொடுத்திருந்தால், அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர்கள் இறந்ததற்கான சான்றிதழ் வேண்டும்.

தெகிவளையான்

யாழ்ப்பாணத்தில் காணி விற்கும்போது பங்காளிக்கும் அயலவருக்கும் முதலில் கேட்க வேண்டும் என்பார்களே, அது இதற்கும் உண்டா?

புதுக்கடை நொத்தாரிசு

இல்லை தம்பி, அந்த முன்கொள்வனவு உரிமை வட மாகாணக் காணிகளுக்கு. கொழும்பு பிளற்றுக்கு வராது.

வெள்ளவத்தைக்காரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனோம்.

புதுக் கட்டடத்தில் நிலம் வங்கியில் ஈட்டில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அலகை விடுவிக்கும் கடிதம் பற்றிக் கேட்டபோது ‘எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்’ என்றார்கள், கடிதம் தரவில்லை. அனுமதித்த திட்டத்தின் பிரதியையும் காட்டவில்லை. தரிப்பிடம் பொது இடத்தில்தான். அதோடு விலை வட் இல்லாமல் சொன்னதாம். அதைக் கேட்டதும் கணவர் எழும்பிவிட்டார். முற்பணம் கொடுக்கவில்லை.

பம்பலப்பிட்டி அம்மாவோடு வீடியோவில் கதைத்தோம். நல்ல மனுஷி. கணவரும் பக்கத்தில் இருந்தார், அவருக்கும் விற்கச் சம்மதம். ஆனால் அற்றோணித் தத்துவம் அம்மா மட்டும் கொடுத்தது, கணவரின் பெயர் அதில் இல்லை. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். கூட்டாதனப் படம் பதியப்பட்டிருக்கிறது, தரிப்பிடமும் அதில் இருக்கிறது. எங்கள் சட்டத்தரணி தேடலைத் தொடங்கியிருக்கிறார். தரகர் மட்டும் இன்னொரு பகுதியார் காசோடு நிற்கிறார்கள் என்கிறார்.

இரண்டு கேள்வி. கணவரின் சம்மதத்தை எப்படி எழுத்தில் வாங்குவது? நாங்கள் வாங்கும்போது யார் பெயரில் எழுதுவது?

கடன்பிரிவு

இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கடன் எடுத்தால் பெரும்பாலான வங்கிகள் இருவர் பெயரிலும் எழுதச் சொல்லும். வரி இலக்கம் இல்லாவிட்டால் இருவரும் இப்போதே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அதற்கு ஓட வேண்டாம். மிகுதிக் காசை ரொக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். விற்பவர் பெயருக்கே வங்கியின் பே ஓடர், அதன் இலக்கம் உறுதியில் எழுதப்பட வேண்டும். தம்பியின் சொந்தக் கணக்குக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி

திறப்பு வாங்கும் நாளில் மின்சார மானி, தண்ணீர் மானி இலக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிலுவை யாருடையது என்று பிறகு சண்டை வராது. சோலைவரிப் பெயர் மாற்றத்தையும் உடனே செய்யுங்கள். ஜனவரிக்குள் முழு வருடத்தையும் கட்டினால் 10 சதவீதம் கழிவு.

புதுக்கடை நொத்தாரிசு

நல்ல முடிவு தங்கச்சி.

கணவரின் சம்மதத்துக்கு வெறும் கடிதம் வாங்க வேண்டாம். கணவரும் ஓர் அற்றோணித் தத்துவம் கொடுக்கட்டும். கனடாவில் இருக்கும் இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் அல்லது அங்குள்ள நொத்தாரிசு முன்னால் கையெழுத்திட்டு, இங்கே பதிவு செய்த பிறகு, உறுதியிலேயே அவரையும் ஒரு தரப்பாகச் சேர்த்து, சம்மதிக்கிறார் என்று எழுதித் தம்பி அவர் சார்பிலும் கையெழுத்திடலாம். இன்னும் நல்லது, அவர்கள் இருவரும் விடுமுறைக்கு வரும்போது நேரில் கையெழுத்திடுவது. வரும் திகதியைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் இருவரும் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால், திருமணத்துக்குப் பிறகு உழைத்த காசில் வாங்குவது யார் பெயரில் எழுதினாலும் தேடிய தேட்டம். ஒருவர் இறந்தால் அவருடைய தேட்டத்தில் பாதி மற்றவருக்கு, மிகுதிப் பாதி இறந்தவரின் வாரிசுகளுக்கு. உங்கள் சீதனக் காசு இதில் சேர்கிறது என்றால் எவ்வளவு என்பதை உறுதியில் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பங்கு உங்கள் தனிச் சொத்தாக நிற்கும்.

உறுதி எழுதி முடிந்ததும் அன்றைக்கோ அடுத்த நாளோ பதிவுக்குக் கொடுக்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் வற்புறுத்துங்கள். நொத்தாரிசு இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே சொத்தை இருவருக்கு விற்றிருந்தால், மோசடி இல்லாமல் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்குத்தான் 1927 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் முன்னுரிமை கொடுக்கிறது. கையெழுத்திடப் போகும் அன்று காலையிலும் ஏட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முதல் தேடலுக்கும் அன்றைக்கும் இடையில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கலாம்.

வெள்ளவத்தைக்காரி

ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு இருவரும் வருகிறார்களாம் அண்ணா. அதுவரை பொறுக்கிறோம் என்று சொல்லிவிட்டோம். விற்பனை உடன்படிக்கையை மட்டும் தேடல் அறிக்கை வந்த பிறகு எழுதுகிறோம், கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வரிக்கும் தம்பி சம்மதித்துவிட்டார்.